பத்தாயிரத்து ஒன்றாவது ரூபாய்

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு கவுன்ட்டர் இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் தொடங்கி வாங்கிவந்த வருமானச் சான்று ஆகியவை இருந்தால் குடும்பத்தோடு போய் அட்டைக்குப் பதிந்துவிட்டு வரலாம். வயது வரம்பு கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் கோளாறு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்றில் உள்ள தொகை மட்டும் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரம். ஓர் ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும்.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவரையும், செக்கிங் வேலைக்குப் போகும் அவர் மனைவியையும் நினைத்துக்கொள்வோம். இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் இருபத்தைந்தாயிரம் என்றால், திட்டத்தின் கணக்கில் அவர்கள் ஏழைகள் அல்லர். வேலை செய்யும் இடம் பத்துப் பேர்கூட இல்லாத சிறு யூனிட் என்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து 5 லட்சத்துக்குத் தனியார் பாலிசி எடுக்கப் போனால், ஒரு மாதச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைப் பிரீமியம் விழுங்கிவிடும். வயதான தாயாரையும் சேர்க்க வேண்டுமென்றால் கணக்கே வேறு. இந்தக் குடும்பத்தின் வாசலுக்கு ஒருவர் வந்து, "வருஷத்துக்கு மூவாயிரம்தான் அண்ணே, அஞ்சு லட்சம் வரைக்கும் பார்த்துக்கலாம்" என்று ஓர் அட்டையை நீட்டினால், அவர்கள் வாங்குவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் குடும்பத்தைப் போன்றவர்கள் எத்தனை பேர்? 2021 அக்டோபரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு, சுமார் 40 கோடிப் பேருக்கு, மருத்துவச் செலவுக்கான எந்த நிதிப் பாதுகாப்பும் இல்லை என்றது. விடுபட்டுப்போன நடுப்பகுதி என்று அவர்களைக் குறிப்பிட்டது. இலவசத் திட்டத்துக்கு அவர்கள் வசதி கூடியவர்கள். சந்தையில் வாங்க வசதி குறைந்தவர்கள். போலிக் காப்பீடு எங்கே விளைகிறது என்று தேடிப்போனால் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த நடுப்பகுதியில்தான். ஏமாற்றுகிறவனின் சாமர்த்தியம் அப்படியொன்றும் பெரிதல்ல. நேர்மையான காப்பீடு எட்டாத உயரத்தில் இருப்பதுதான் அவனுடைய முதலீடு.

இந்தப் பள்ளம் விழுந்த கதை நீளமானது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. ஆலைத் தொழிலாளர்களுக்கானது. 1954இல் வந்த சி.ஜி.எச்.எஸ். மத்திய அரசு ஊழியர்களுக்கானது. 1986இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த மெடிக்ளைம் கையில் காசு உள்ளவர்களுக்கு. இம்மூன்றிலும் சேராதவர்களே ஊரில் அதிகம். அவர்களுக்காக அரசு பிரீமியம் கட்டும் பெருந்திட்டங்கள் இந்த நூற்றாண்டில்தான் வந்தன: ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ, மத்திய அரசின் ஆர்.எஸ்.பி.ஒய். 2008இல், தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபடி பிறந்தது. பெயர் போனாலும் திட்டம் பிழைத்தது. நம் அரசியலில் இது சிறிய காரியமல்ல. 2018இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு இணைக்கப்பட்டது. 72,000 ரூபாயாக இருந்த வருமான வரம்பு 1,20,000 ஆனது 2022இல்.

பலன் இருக்கிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2014-15இல் 62.6 விழுக்காடு, 2021-22இல் 39.4. இதற்குக் காப்பீடு மட்டும் காரணமல்ல, அரசு தானே செலவிட்டதும் கூடியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒருவருக்காவது ஏதோவொரு காப்பீடு உள்ள வீடுகள் இந்தியாவில் 41 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நாம் மேலே இருக்கிறோம் என்று மகிழலாம். ஆனால் மிச்சமுள்ள அந்த மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் ஒருவரிடம்கூட எந்த அட்டையும் இல்லை.

பிரீமியம் ஏறும்போது போலி பெருகும் என்பது ஊகமல்ல. இதை எண்ணிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே அரசின் தணிக்கை அலுவலகம் 2004இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2000 முதல் 2002 வரையிலான மூன்றே ஆண்டுகளில், உரிமம் இல்லாமல் மருத்துவக் காப்பீடு விற்ற 144 அமைப்புகளை அது கண்டறிந்தது. ஏமாந்தவர்கள் 15,000க்கு மேற்பட்ட முதலாளிகளும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பாலிசிதாரர்களும். முதலாளிகள் என்றதும் பெரிய கம்பெனிகளை நினைக்க வேண்டாம். இந்த வலையில் அதிகம் விழுந்தவர்கள் சின்னக் கடை, சின்னப் பட்டறை வைத்திருந்தவர்கள். கொடுக்கப்படாமல் போன மருத்துவச் செலவு குறைந்தது 25 கோடியே 20 லட்சம் டாலர். அறிக்கை எழுதப்பட்ட நேரம்வரை மீட்க முடிந்தது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டுகளில் அங்கே மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் கடகடவென ஏறிக்கொண்டிருந்தது. மலிவாக ஏதாவது கிடைக்காதா என்று சிறு தொழில் நடத்துவோர் அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த 144இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவல் என்று பெயர். அயோவா மாநிலத்தில் அதே பெயரில் தொடங்கும் பழைய, நேர்மையான நிறுவனம் ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்தவர்கள் அதுதான் இது என்று நம்பினார்கள். 2001இல் பத்து மாதங்களில் எல்லா மாநிலங்களிலுமாக 22,000க்கு மேற்பட்டோரிடம் சுமார் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் பிரீமியம் வசூலித்தது. கொடுக்காமல் விட்டது இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல். இத்தகைய பாலிசிகளை மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முறையான உரிமம் பெற்ற முகவர்களும் உண்டு; அவர்களில் சிலர் தாமும் ஏமாந்தவர்கள்தான்.

தொழில்நுட்பம் எளிது. காய்ச்சல், தையல் போடுவது போன்ற சின்னச் சின்ன பில்களை முதல் சில மாதங்களில் ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு பரவும். அந்தப் பேச்சைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. புற்றுநோய் பில் வரும்போது "இன்னொரு காகிதம் வேண்டும்" என்று இழுக்க வேண்டும். அதற்குள் அடுத்த ஊரில் பிரீமியம் வந்துகொண்டிருக்கும். நம் ஊர் தீபாவளிச் சீட்டு கவிழ்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரேயொரு வித்தியாசம்: சீட்டு கவிழ்ந்தால் பணம் போகும். இது கவிழும் நேரத்தில் பாலிசிதாரர் ஆபரேஷன் மேசையில் இருப்பார். அதற்குப் பிறகு வேறு எந்த நிறுவனத்திடம் போனாலும் அந்த நோய் "ஏற்கெனவே இருந்த நோய்".

பெயரைக் கொண்டு ஏமாற்றுவது இங்கும் நடக்கிறது. பெங்களூரு முகவரியில் இயங்கிய டிஜிட்டல் நேஷனல் மோட்டார் இன்ஷூரன்ஸ் என்ற பெயருக்கு உரிமம் எதுவும் தரப்படவில்லை என்று 2021இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மக்களை எச்சரித்தது. அது வண்டிக் காப்பீடு. ஆனால் 'நேஷனல்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் அரசாங்க வாசனையை அந்தப் பெயர் எப்படிப் பயன்படுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆணையத்தின் பெயரையே சொல்லி, "உங்க பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு, அதை விடுவிக்கப் புதுசா ஒரு பாலிசி எடுக்கணும்" என்று பேசும் கும்பல்களும் உண்டு. ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை. இதை அதுவே பலமுறை சொல்லிவிட்டது.

முழுப் போலியைவிட எனக்குக் கவலை தருவது பாதிப் போலி. அதன் பொதுப்பெயர் ஹெல்த் கார்டு. உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளிலும் லேப்களிலும் பத்தோ இருபதோ விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொல்லும் அட்டை. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். தள்ளுபடியும் உண்மையாகவே கிடைக்கலாம். ஆனால் அது காப்பீடு அல்ல. மூன்று லட்சம் ரூபாய் பில்லில் பத்து விழுக்காடு போனாலும் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் உங்கள் தலையில்தான். விற்கிறவர் வாயில் மட்டும் அது 'இன்ஷூரன்ஸ் மாதிரி' ஆகிவிடுகிறது. அந்த 'மாதிரி' என்ற சொல்லில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. அட்டை இருக்கிறதே என்ற நிம்மதியில் உண்மையான பாலிசியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்தது அசல் பாலிசி, பொய்யான பேச்சு. விண்ணப்பத்தை நிரப்புவது பெரும்பாலும் முகவர். "சுகர் இருக்கா சார்? 'இல்லை'ன்னே போட்டுடலாம், இல்லைன்னா பிரீமியம் ஏறும்." கையெழுத்து நம்முடையது. காப்பீட்டு ஒப்பந்தம் முழு உண்மையைச் சொல்லும் கடமையின்மேல் நிற்பது. சொல்லாமல் மறைத்தால் நிறுவனம் கைவிரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் மெடிக்ளைம் வழக்கிலேயே 2009இல் உறுதிசெய்திருக்கிறது. அதே நீதிமன்றம் 2021இல் மறுபக்கத்தையும் சொன்னது: விண்ணப்பதாரர் நோயைச் சொல்லிவிட்டார், நிறுவனம் அதைத் தெரிந்தே பாலிசி கொடுத்தது என்றால், பிறகு அதே நோயைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. ஆக, உண்மையை எழுதுவதில் நட்டம் கொஞ்சம் கூடுதல் பிரீமியமும் காத்திருப்புக் காலமும்தான். பொய் எழுதினால் மொத்தமும் போகலாம்.

பொய்யே சொல்லாமலும் ஒரு பாலிசி கைவிடலாம். 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு ஒரு விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 3,000 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அவசரத்தில் 6,000 ரூபாய் அறையில் சேர்த்துவிடுகிறோம். கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு: வாடகை இரண்டு மடங்கு என்பதால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் வரும். மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற உட்பொருத்தும் சாதனங்களுக்கும் இந்த வெட்டு கூடாது என்று ஆணையம் விதி வகுத்திருக்கிறது; இருந்தும் டிஸ்சார்ஜ் அன்று கையில் வரும் கணக்கு அதிர்ச்சி தருவது. இப்படி ஒருமுறை அடிபட்டவர் "இன்ஷூரன்ஸே ஏமாத்து வேலை" என்று ஊர் முழுக்கச் சொல்வார். அசலும் போலியும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், மலிவானதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? போலிக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்துவிட முடியாது.

அரசுத் திட்டங்களிலும் ஓட்டை உண்டு. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, ஆயுஷ்மான் பாரத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் பத்து ஒன்பதுகள் கொண்ட ஒரே செல்பேசி எண்ணில் பதிவாகியிருந்ததைச் சுட்டியது. தகுதியைச் சரிபார்க்க அந்த எண் தேவையில்லை என்று அரசு பதில் சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும், இறந்துவிட்டதாகப் பதிவானவர்களின் பெயரில் புதிய சிகிச்சைக்குப் பணம் போனதற்கு அந்தப் பதில் பொருந்தாது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததாகவும் அறிக்கை சொன்னது.

குஜராத்தில் நடந்ததை இதைவிட ஆழமாக யோசிக்க வேண்டும். 2024 நவம்பரில் மெஹ்சானா மாவட்டத்தின் போரிசனா கிராமத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. அங்கிருந்து 19 பேர் அகமதாபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டு, ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. இருவர் இறந்தார்கள். அட்டையில் இருந்த பணத்துக்காக நடந்த சிகிச்சை என்பது குற்றச்சாட்டு. விசாரணை தொடர்ந்தபோது இன்னொன்று வெளிவந்தது: திட்டத்துக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு ஓரிரு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஆயுஷ்மான் அட்டை தயாரித்துக் கொடுத்த கும்பல். அந்த அட்டையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? வரம்பைத் தாண்டியவர்கள். தங்களுக்கு உரிமையில்லாத கதவைப் பின்பக்கமாகத் திறந்துகொண்டவர்கள். அவர்கள் காசு கொடுக்கத் தயாராகவே இருந்தார்கள். வாங்கிக்கொள்ள நேர்வழியில் ஆள் இல்லை. நம் ஊரில் வருமானச் சான்றில் தொகையைக் குறைத்து எழுதி வாங்கும் பழக்கத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். தப்புதான். ஆனால் பத்தாயிரத்து ஒன்றாவது ரூபாயில் எல்லாம் போய்விடும் என்று வரம்பு வகுத்தால், அந்த ஒரு ரூபாயை மறைக்கத்தான் மனிதர்கள் பார்ப்பார்கள்.

நேர்வழி ஒன்றை ராஜஸ்தான் காட்டியது. 2021 மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவித் திட்டத்தில் ஏழைகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் இலவசம். மற்றவர்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டி அதே திட்டத்தில் சேர முடிந்தது. வருமான வரம்பு என்ற சுவருக்குப் பதில் ஒரு படிக்கட்டு. எதிர்வாதம் உண்டு: நோய் வந்தவர்கள் மட்டும் ஓடிவந்து சேர்வார்கள், நிதி தாங்காது. நியாயமான அச்சம். ஆண்டுக்குக் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் சேர்க்கை, வருமானத்துக்கேற்பக் கூடும் கட்டணம் என்று இதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. திட்டத்தின் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் முகம் திருப்புவது இதைவிடக் கடினமான சிக்கல். தொகையை அவ்வப்போது திருத்தாமல் அது தீராது. இருந்தாலும் தமிழ்நாட்டுக்கு ஒரு வலு உண்டு. இங்கே அரசு மருத்துவமனைகளே காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை தந்து பணம் பெறுகின்றன. திருப்பூர்த் தையல்காரர் கட்டும் ஆயிரமோ இரண்டாயிரமோ அரசு மருத்துவமனைக்கே வருமானமாகத் திரும்பலாம்.

சந்தையிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே: பில்லில் 5 விழுக்காடு நாம் கட்ட வேண்டும், அறை வாடகைக்கு வரம்பு உண்டு, மாறுவது பிரீமியம் மட்டும். சின்ன எழுத்துக்களைப் பத்து நிறுவனங்களுக்குத் தனித்தனியாகப் படிக்கும் வேலை மிச்சம். பிரீமியம் குறைவு என்பதால் கமிஷனும் குறைவு. முகவர் தாமாக இதைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருக்க வேண்டாம், நாமே கேட்க வேண்டும். 2024இல் ஆணையம் விதிகளை மாற்றி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை நான்கிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைத்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டு பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபணமானால் ஒழிய, பழைய நோயை மறைத்தாய் என்று கேள்வி எழுப்ப முடியாது என்றும் ஆக்கியது. தனிநபர், குடும்பப் பாலிசிகள்மேல் இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதுவரை நோய்க்கு முன்னெச்சரிக்கையாகச் சேமித்தவரிடம் வரி வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாங்குகிறவர் செய்ய வேண்டியதில் முக்கியமானது, விற்கிறவர் கொடுக்கும் எண்ணை நம்பாமல் வேறு வழியில் சரிபார்ப்பது. ஒவ்வொரு மருத்துவப் பாலிசிக்கும் ஆணையம் தந்த தனி அடையாள எண் உண்டு, அது பாலிசித் தாளில் அச்சாகியிருக்கும். நிறுவனத்தின் பெயரை ஒரு சொல்கூடப் பிசகாமல் ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் தேடுங்கள். பணத்தை முகவரின் ஜி.பே.க்கு அனுப்பாதீர்கள், நிறுவனத்தின் பெயருக்கு மட்டும். "என் கமிஷன்ல பாதியைத் திருப்பித் தர்றேன்" என்பவரிடமும் விலகி நில்லுங்கள். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி அப்படித் தள்ளுபடி தருவதே குற்றம், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டத்தை உங்கள் முன்னாலேயே மீறுகிறவர் உங்களுக்குப் பின்னால் என்ன செய்வார்? பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்து, சொன்னது ஒன்று எழுதியிருப்பது ஒன்று என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிறுவனம் பணம் தர மறுத்தால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறவர்கள் பலர். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிணக்குகளை அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை. உங்கள் காகிதங்களோடு நீங்கள் போனால் போதும்.